மத்திய சங்கமா, உள்சங்கமா, தொழிலாளர் குழுவா? எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரகடம், திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் அண்மைக் காலமாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. சங்கம் வேண்டும் என்பதில் அவர்களுக்குள் சண்டையில்லை. எந்தச் சங்கம் என்பதில்தான் மூன்று அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். பல ஆலைகளில் கிளை வைத்திருக்கும், பெரும்பாலும் கட்சி சார்ந்த மத்திய சங்கம் ஒன்றில் சேர்ந்துவிடலாம் என்கிறது ஓர் அணி. கட்சிக் கொடியைக் கண்டால் நிர்வாகம் முரண்டு பிடிக்கும், நமக்குள்ளேயே ஒரு சங்கம் வைத்துக்கொள்வோம் என்கிறது அடுத்த அணி. மனிதவளத் துறையே ஒரு தொழிலாளர் குழு அமைக்கிறேன் என்கிறதே, அதில் ஆள் அனுப்பிப் பார்ப்போமே என்று தயங்குகிறது மூன்றாவது.

மூன்று அணியும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தங்கள் வழிக்கு ஆகும் செலவை எந்த அணியும் முழுதாகச் சொல்வதில்லை.

## எதை வைத்து அளப்பது

கொடியின் நிறத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, முதல் சஸ்பென்ஷன் உத்தரவு வரும்போது யார் நிற்பார்கள்? புதிதாகச் சங்கம் தொடங்கும் ஆலைகளில் முன்னால் நின்ற இரண்டு மூன்று பேருக்கு மெமோ வருவது வாடிக்கை. மெமோவுக்குப் பதில் எழுத வேண்டும். உள்விசாரணையில் பக்கத்தில் உட்கார விவரம் தெரிந்த ஆள் வேண்டும். சஸ்பென்ஷன் காலத்தில் தரும் பிழைப்பூதியம் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதிதான். வீட்டு வாடகையும் பைக் தவணையும் பாதியாகக் குறைவதில்லை. அந்த மூன்று மாதத்தில் சங்கம் பெரும்பாலும் நிலைக்கும், அல்லது கலையும்.

இரண்டாவது, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள், அது யாரைக் கட்டுப்படுத்தும்? 12(3), 18(1) என்று சங்கக்காரர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டப் பிரிவு எண்கள் அவை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போடப்படுவது 12(3). அது அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவரையும்கூடக் கட்டுப்படுத்தும். இரு தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது 18(1). கையெழுத்திட்ட தரப்பை மட்டுமே அது கட்டுப்படுத்தும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. எண்கள்தான் மாறிவிட்டன, தொழிலாளர்கள் வாயில் பழைய எண்களே இன்னும் பல ஆண்டுகள் புழங்கும்.

ஒரு 12(3) ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நிர்வாகத் தரப்புக் கையெழுத்துகள், இன்னொரு பக்கம் தொழிலாளர் தரப்பு, கீழே ‘என் முன்னிலையில்’ என்று சமரச அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும். அந்தத் தொழிலாளர் தரப்பில் எத்தனை பெயர், அவற்றில் எத்தனை பேர் உங்களோடு ஷிப்ட் பார்ப்பவர்கள், கையெழுத்திடும் முன் உங்களிடம் படித்துக் காட்டினார்களா என்பதுதான் சங்கத்தின் தரம். முழக்கத்தை எல்லாரும் நன்றாகவே போடுகிறார்கள்.

மூன்றாவது, பணம். சந்தா எவ்வளவு என்பதைவிட அது எங்கே போகிறது, கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பது முக்கியம்.

நான்காவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை: நம்மை எந்த விரிசல் வழியாக உடைப்பார்கள்? இதற்கு ஒரு நூற்றாண்டுப் பழைய பாடம் சென்னையிலேயே இருக்கிறது. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அதன் முதுகெலும்பு. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பின்னால் நின்று கட்டியவர்கள். கதவடைப்பையும் நீதிமன்ற வழக்கையும் தாங்கிய அந்தச் சங்கம், 1921இல் பல மாதங்கள் நீண்ட வேலைநிறுத்தத்தில் சாதி வழியாக உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பு கலவரத்தில் எரிந்தது, வேலைநிறுத்தம் தோற்றது. இன்றைய ஆலையில் அந்த இடத்தில் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, டிரெய்னி, வட மாநிலத்தவர் என்ற கோடுகள் கிடக்கின்றன. உங்கள் சங்க விதியில் யாருக்கு இடமில்லையோ, அவரை வைத்துத்தான் வேலைநிறுத்த நாளில் உற்பத்தி ஓடும்.

| | தொழிலாளர் குழு | மத்திய சங்கம் | உள்சங்கம் |
|---|---|---|---|
| சஸ்பென்ஷன் வந்தால் | குழுவால் எதுவும் முடியாது | மாவட்ட அலுவலகம், வழக்கறிஞர், பிற ஆலை ஆதரவு | உள்ளே இருக்கும் பணமும் துணிவும்தான் |
| ஒப்பந்தம் | சட்டப்படி இதன் வேலையே இல்லை | போடலாம். வெளித் தலைவரும் கையெழுத்திடுவார் | போடலாம். உள்ளிருப்பவர்களே கையெழுத்திடுவார்கள் |
| பணச் செலவு | இல்லை | குறைவு. ஒரு பங்கு மேலே போகும் | முழுதும் நம் கையில். முழுச் செலவும் நம் தலையில் |
| எங்கே உடையும் | தொடங்கும்போதே கடிவாளம் நிர்வாகத்திடம் | கட்சி, ஆட்சி மாற்றம் | தலைவர்கள் விலைபோனால், பதவி உயர்ந்தால் |

## தொழிலாளர் குழு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் பணிக்குழு என்பது 1947 சட்டத்திலேயே இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. அதோடு, 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குறைதீர்ப்புக் குழுவும் கட்டாயம். கேன்டீன், பேருந்து நேரம், சீருடை, கழிப்பறை, லைன் சூடு போன்ற அன்றாட உரசல்களுக்கு இது உதவும். உதவாது என்று சொல்பவர்கள் அதை முயன்று பார்க்காதவர்கள்.

ஆனால் சம்பளம் இங்கே பேசப்படாது, பேசினாலும் நிற்காது. பணிக்குழு சங்கத்துக்கு மாற்றாகாது, அன்றாட உரசலைத் தணிப்பதே அதன் வேலை என்று 1960இல் நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஓர் ஆலையின் குழுக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். இரவு ஷிப்ட் பேருந்து கூட்டமாக இருக்கிறது என்ற ஒரே புகார் மாதாமாதம் பதிவாகியிருந்தது. எதிரே ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதில், ஒரே கையெழுத்தில்.

மறைமுகச் செலவு என்னவென்றால், இந்தக் குழுவைச் சங்கத்துக்கு எதிராக நிறுத்தலாம். திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9இல் தொடங்கிய வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, அக்டோபர் 7இல் நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு போட்டது. மாதம் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை உள்ளிட்ட சலுகைகள் அதில் இருந்தன. வெளியே நின்ற தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. வேலைநிறுத்தம் மேலும் ஒரு வாரம் போய் 37ஆம் நாள்தான் முடிந்தது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு: வெளியே வேலைநிறுத்தம் இல்லாமல் அந்த 5,000 ரூபாய் பேச்சே எழுந்திருக்காது என்பது என் கணிப்பு.

குழுவும் வேண்டாம், சங்கமும் வேண்டாம் என்றிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வட்டாரத்தில் சான்று உண்டு. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையின் விடுதியில் தங்கியிருந்த பெண்கள் பலர் கெட்டுப்போன உணவால் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. நம்பும்படி விவரம் சொல்ல அவர்களுக்கென்று ஓர் அமைப்பு இல்லை. இரவோடு இரவாகச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல். அதன் பிறகே விடுதிகளின் நிலை வெளியே தெரிந்தது.

எப்போது குழு சரி? ஆலை புதிது, யார் நம்பகமானவர் என்றே தெரியாது என்றால் ஓராண்டு குழுவில் இருந்து பாருங்கள். நிர்வாகத்தின் எதிரே உட்கார்ந்து யார் வாய் திறக்கிறார், யார் டீ குடித்துவிட்டு வருகிறார் என்பது தெரிந்துவிடும். நாளைய சங்கச் செயலாளரை அடையாளம் காண அதைவிட மலிவான வழி இல்லை.

## மத்திய சங்கம்

ஏ.ஐ.டி.யு.சி. 1920இல் தொடங்கியது, ஐ.என்.டி.யு.சி. 1947, எச்.எம்.எஸ். 1948, பி.எம்.எஸ். 1955; மார்க்சிஸ்ட் கட்சி சார்பான சி.ஐ.டி.யு.வும் தி.மு.க. சார்பான தொ.மு.ச.வும் 1970. அ.தி.மு.க. பக்கம் அண்ணா தொழிற்சங்கப் பேரவை. இவற்றில் எதில் சேர்ந்தாலும் உங்களுக்கு முதலில் கிடைப்பது அனுபவம். பதிவு விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் பிழை வரும், தொழிலாளர் துறை அலுவலகத்தில் யாரிடம் மனு கொடுத்தால் நகரும், உள்விசாரணையில் எந்த ஆவணத்தை முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். இரண்டாவது, பக்கத்து ஆலைகள். உங்கள் கேட்டில் போராட்டம் என்றால் பத்து ஆலையிலிருந்து ஆள் வருவார்கள், உண்டியல் குலுக்கிப் பணம் வரும். மூன்றாவது, வேலை பறிக்க முடியாத தலைவர். தொழிற்சாலைச் சங்கத்தின் பொறுப்பாளர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதுவரை, வெளியார் இருக்கலாம். அந்த வெளியாருக்கு நிர்வாகம் மெமோ கொடுக்க முடியாது.

வெளியார் தலைமை ஏன் பிறந்தது என்பதற்குப் பின்னி ஆலையே விடை. படித்தவரும் வெள்ளை அதிகாரிகளோடு சமமாக வாதாடக்கூடியவருமான வாடியா இல்லாமல் அந்தச் சங்கம் எழுந்திருக்காது. ஆனால் அதே காரணத்தால் நிர்வாகம் குறிவைத்ததும் அவரைத்தான். 1920இல் வாடியா உள்ளிட்டோர் மீது வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. நட்ட ஈடும் கேட்டது. வாடியா சங்கத்திலிருந்து விலகுவது என்ற உடன்பாட்டில்தான் வழக்கு ஓய்ந்தது. சங்க நடவடிக்கைக்காக அப்படி வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று உங்கள் சங்கத்துக்கு இருக்கும் சட்டக் காப்பின் வேர், பின்னி ஆலை இருந்த பெரம்பூரில் இருக்கிறது.

இனி செலவுகள். பெரிய செலவு, ஆட்சி. தமிழ்நாட்டில் ஒரு சங்கத்தின் குரல் அதன் கட்சி கோட்டையில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களைப் பாருங்கள். 2018 ஜனவரியில் ஊதிய உயர்வுக்கான பெருக்கல் காரணியாக 2.57 கேட்டு தொ.மு.ச., சி.ஐ.டி.யு. உள்ளிட்ட சங்கங்கள் பஸ்ஸை நிறுத்தின. அண்ணா தொழிற்சங்கப் பேரவை 2.44க்குக் கையெழுத்திட்டு பஸ் ஓட்டியது. 2024 ஜனவரியில் சி.ஐ.டி.யு.வும் அண்ணா தொழிற்சங்கப் பேரவையும் நிறுத்தின. இம்முறை பஸ் ஓட்டியது தொ.மு.ச. இடையில் மாறியது ஆட்சி. ஓட்டுநரின் வயிறு மாறவில்லை. எந்தச் சங்கத்தில் சேர்வதானாலும், அதன் கட்சி ஆட்சிக்கு வந்தபோது அது என்ன செய்தது என்று பக்கத்து ஆலையில் விசாரித்துவிட்டுச் சேருங்கள். ஆளும் கட்சியின் கூட்டணியில் இருக்கும் கட்சிகளின் சங்கங்களுக்கும் இதே அளவுகோல்தான். ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: சாம்சங் போராட்டத்தில் நின்ற சி.ஐ.டி.யு.வின் கட்சி அப்போது ஆளும் கூட்டணியில்தான் இருந்தது. கூட்டணி எல்லாச் சங்கத்தையும் ஒரே மாதிரி அடக்கிவிடுவதில்லை.

அடுத்த செலவு, காலம். மத்திய சங்கம் என்றதும் சில நிர்வாகங்கள் பேசவே மறுக்கும். சாம்சங் சங்கம் 2024இன் நடுவில் பதிவுக்கு விண்ணப்பித்தது. நிறுவனத்தின் பெயரைச் சங்கப் பெயரில் சேர்க்கக்கூடாது என்ற ஆட்சேபம்கூட எழுந்தது. உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகே, 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. மே மாதம் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம். ஊதிய உயர்வு 18,000 முதல் 23,000 ரூபாய் வரை. இடையில் சஸ்பென்ஷன்கள், மீண்டும் உள்ளிருப்பு. ஏறக்குறைய ஓராண்டைத் தாங்கும் ஆட்கள் உங்கள் ஆலையில் இருக்கிறார்களா? ஹூண்டாய் வேறு கதை. சி.ஐ.டி.யு. சார்புச் சங்கம் அங்கே 2007இலேயே தொடங்கிவிட்டது. ஊதிய ஒப்பந்தங்களை நிர்வாகம் போட்டதோ, 2011இல் பின்னால் வந்த உள்சங்கத்தோடு.

சிறிய செலவுகளும் உண்டு. மாவட்டப் பொறுப்பாளர் ஒருவர் பதினைந்து இருபது ஆலைகளைப் பார்ப்பார். உங்கள் லைனின் சைக்கிள் டைம், அதாவது ஒரு சுற்று வேலைக்கு ஆகும் நேரம், அவருக்குத் தெரியாது. அகில இந்திய வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு வரும். அரசியல் நிதிக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும், அதில் சேர உறுப்பினரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது சட்டம். இது தெரிந்த உறுப்பினர்கள் மிகக் குறைவு.

## உள்சங்கம்

உள்சங்கம் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை சரக்கு புழங்குகிறது. ஒன்று, தொழிலாளர்கள் தாங்களே கட்டியது. மற்றொன்று, நிர்வாகம் கட்டி அவர்கள் கையில் கொடுத்தது. இரண்டாவது வகையைத் தொடங்குவதே முறையற்ற தொழில் நடவடிக்கை என்று சட்டம் சொல்கிறது. நிரூபிப்பது வேறு விஷயம். கண்டுபிடிக்க எளிய வழி, கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது, எதிர்த்து நின்றவர் இன்னும் அதே டிபார்ட்மென்டில் இருக்கிறாரா என்று கேட்பது.

முதல் வகை நன்றாக அமைந்தால் அதற்கு இணை இல்லை. தலைவர் உங்கள் கூடவே லைனில் நிற்பவர். ரோபோ வந்தால் எத்தனை பேர் உபரி ஆவார்கள் என்பதைப் பொறியாளருக்கு முன்பே கணக்குப் போட்டுவிடுவார். 2021 மே மாதக் கொரோனா அலையில் ஒரகடம் ரெனோ நிசான் ஆலையின் உள்சங்கம் இதைக் காட்டியது. லைன் ஓடும் வேகத்தில் தொழிலாளர்கள் இடைவெளி விட்டு நிற்க முடியாது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலைநிறுத்தம் செய்வோம் என்றும் அறிவித்தது. மே 26 முதல் சில நாட்கள் ஆலை மூடப்பட்டது. இரண்டு கார்களுக்கு நடுவே மனிதன் எங்கே நிற்கிறான் என்பது தெரிந்தவர்களால்தான் அப்படி ஒரு மனு எழுத முடியும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். மாதச் சந்தா 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 உறுப்பினர் என்றால் மாதம் ஒன்றரை லட்சம். நல்ல வழக்கறிஞரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம், சஸ்பெண்ட் ஆனவர் வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பலாம். 80 உறுப்பினர் என்றால் 8,000 ரூபாய். இரண்டு பேர் சஸ்பெண்ட் ஆனாலே கஜானா காலி.

பதவி உயர்வு என்று ஓர் ஆயுதமும் இருக்கிறது. செயலாளரைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டால் சம்பளம் கூடும், கடமை மாறும், சங்கத்தில் இடம் போய்விடும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பார். தலைமையில் உள்ள எல்லாருமே ஒரே நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதுதான் உள்சங்கத்தின் அடிப்படைப் பலவீனம். இதற்குச் சட்டத்தில் ஒரு சிறு கவசம் உண்டு. பதிவு பெற்ற சங்கத்தின் பொறுப்பாளர்களில் சிலரைப் பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் என்று ஆண்டுதோறும் எழுதிக் கேட்டு அங்கீகாரம் பெறலாம். ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கையில் 1 சதவீதம்; குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது, வழக்கை விசாரிக்கும் அதிகாரியின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் அவர்களை நீக்க முடியாது. மத்திய சங்கங்கள் இந்தப் பட்டியலைத் தவறாமல் அனுப்புகின்றன. உள்சங்கங்கள் பல இதை மறந்துவிட்டு, செயலாளர் வெளியே போன பிறகு ஓடுகின்றன.

சந்தா விஷயத்திலும் ஒன்று. சம்பளத்தில் பிடித்துத் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னால் வசதியாகத்தான் தோன்றும். ஆனால் உறுப்பினர் பட்டியல் அன்றே மனிதவளத் துறையின் கணினியில் இருக்கும். முதல் சில ஆண்டுகள் ரசீதுப் புத்தகத்தோடு கையால் வசூலிப்பதே நல்லது. மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் முகம் பார்த்துப் பேச அது ஒரு சாக்கு.

## தொழில்வாரிச் சங்கம்

கார் ஆலைக்காரர்கள் கேட்காத நான்காவது வழி இது. ஆனால் பின்னலாடை, நூற்பாலை வேலையில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான். யூனிட் சிறியது, ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள், பெரும்பாலும் பெண்கள். ஆலைக்கொரு சங்கம் அங்கே தாக்குப்பிடிக்காது. திண்டுக்கல் வட்டாரத்தில் ஓர் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஆலை நிறுவனத்தோடு நிற்காமல், துணி வாங்கும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தியது. பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் பொறுப்பு தொழிலாளர் பக்கத்துக்கும் வந்தது. இதன் பலவீனம் வெளிப்படை: வாங்குகிறவர் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றினால் பிடி தளர்ந்துவிடும்.

## எந்த வழியானாலும் தப்பாத செலவுகள்

முன்னறிவிப்பின்றிப் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வேலைக்கு வராமல் இருந்தால், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். ஒரு நாள் ஆவேசத்துக்கு எட்டு நாள் கூலி. புதிய தொகுப்பின்படி எல்லா ஆலைகளிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகக் கருதப்படும். சமரசப் பேச்சு நடக்கும்போது வெளியே வரக்கூடாது. மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. தூண்டியவருக்கு அபராதம் 50,000 வரை போகும்.

அதைவிட முக்கியமானது 51 சதவீதக் கணக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், ஆலையின் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரைக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால், 20 சதவீதத்துக்கு ஓர் இடம் என்று பேச்சுவார்த்தைக் குழு அமையும். தமிழ்நாட்டில் சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்தே தீர வேண்டும் என்ற சட்டம் இதற்கு முன் கிடையாது. அந்த வகையில் இது முன்னேற்றம். ஆனால் மூன்று அணியும் மூன்று சங்கம் தொடங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஓர் அணிக்கு நிர்வாகத்தின் புன்னகையோடு 51 கிடைத்துவிட்டால், மற்ற இரண்டும் கேட்டுக்கு வெளியே பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

## யாருக்கு எது

நூறு இருநூறு பேர் வேலை செய்யும் உதிரிபாக ஆலை, முதல் சங்கம், ஏற்கெனவே மிரட்டல் தொடங்கிவிட்டது என்றால் யோசிக்காமல் மத்திய சங்கத்துக்குப் போங்கள். எந்தச் சங்கம் என்பதை, உங்கள் சாலையில் மற்ற ஆலைகளில் எது வேலை செய்கிறது என்பதை வைத்து முடிவுசெய்யுங்கள். உங்கள் சொந்தக் கட்சி விருப்பம் அதற்கு அடுத்துதான்.

ஆயிரத்துக்கு மேல் நிரந்தரத் தொழிலாளர்கள், பத்தாண்டு பழகியவர்கள், மாதம் லட்சக்கணக்கில் சந்தா வசூலாகும் என்றால் உள்சங்கம் நடத்த முடியும். ஒரு நிபந்தனை: வெளியாருக்கு விதியில் இருக்கும் இடத்தைக் காலியாக விடாமல், நிர்வாகத்திடம் சம்பளம் வாங்காத ஒரு வழக்கறிஞரையோ ஓய்வுபெற்ற சங்கத் தலைவரையோ கௌரவத் தலைவராக வையுங்கள். கட்சியும் வேண்டாம், தனிமையும் வேண்டாம் என்பவர்களுக்கு இது நடுவழி. உள்சங்கமாகப் பதிவுசெய்துவிட்டுப் பிற்பாடு பொதுக்குழுத் தீர்மானத்தின் மூலம் ஒரு மத்திய சங்கத்தோடு இணையவும் செய்யலாம். இணைந்த பிறகு பிரிவதுதான் கடினம். கணக்கும் சங்கப் பெயரும் யாருக்கு என்று வழக்கு வரும்.

பாதிப் பேர் டிரெய்னிகளும் ஒப்பந்தத் தொழிலாளர்களுமாக இருக்கும் ஆலை என்றால் எந்தச் சங்கம் என்பதற்கு முன், அவர்களுக்கு உறுப்பினராக இடம் தருகிறீர்களா என்பதை முடிவுசெய்யுங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி உண்டு என்று தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் கோரிக்கையை முதல் பட்டியலிலேயே வைக்கும் சங்கத்துக்குப் பக்கத்தில் அவர்கள் தாமாக வந்து நிற்பார்கள்.

சங்கம் எதுவானாலும், பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் விதிகளில் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்: ஊதிய ஒப்பந்தத்தின் வரைவைத் தமிழில் உறுப்பினர்களுக்குப் படித்துக் காட்டி, ரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்ற பிறகே பொறுப்பாளர்கள் கையெழுத்திட வேண்டும். இந்த வரியை எதிர்க்கிறவர் உள்ளே இருப்பவரோ வெளியிலிருந்து வந்தவரோ, அவருக்கு ஏன் உடன்பாடில்லை என்று அந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள்.